சுண்ணாம்புக் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்

எங்கள் ஊர் அய்யனார் கோயில் திருப்பணிக் குழுப் பெரியவர்களுக்கும், ஊராட்சி மன்றத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உங்களில் பாதிப் பேரை மாமா என்றும் சித்தப்பா என்றும் கூப்பிட்டு வளர்ந்தவள் நான். நேரிலேயே சொல்லிவிட நினைத்தேன். ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து நின்று சொல்லவும் செய்தேன். மைக் என் கைக்கு வந்தபோது மணி ஒன்றரை. கோயிலில் பொதுவிருந்துக்கு இலை போட்டாயிற்று. நாலு வார்த்தை பேசுவதற்குள் "சரிம்மா, பாத்துக்கலாம்" என்று கூட்டம் கலைந்துவிட்டது. நான் சொல்ல வந்தது நாலு வார்த்தையில் அடங்குகிற விஷயம் இல்லை. அதனால்தான் இந்த மடல். வேலைக்காக வெளியூர் போய்விட்ட நம் ஊர்ப் பிள்ளைகளும், கோயில் காடு வைத்திருக்கிற மற்ற ஊர்க்காரர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

கிராம சபைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, வாராவாரம் நம் கோயில் காட்டைப் பார்த்துக்கொள்கிற நாங்கள் எட்டுப் பேர் வழக்கம்போல அங்கே போனோம். சன்னதிக்குப் பின்னாலிருந்து குளக்கரை வரைக்கும், பன்னிரண்டு அடி இடைவெளியில், இரண்டு சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. வரப்போகும் நடைபாதை அது என்று தெரிந்துகொண்டோம். பேவர் பிளாக் பதித்து, இருபுறமும் ஜேசிபி விட்டுப் புதரை வாரி, நடுவில் ஹைமாஸ்ட் விளக்கு. தை மாசம் கும்பாபிஷேகத்துக்குள் காட்டைச் சுத்தம் பண்ணி, வெளியூர் நிறுவனம் ஒன்று கொடுக்கிற ஆயிரம் பூமரக் கன்றுகளை வரிசையாக நட்டுவிடுவது. கிராம சபையில் வாசித்த திட்டம் இதுதான்.

உங்கள் நோக்கத்தில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பொழுது சாய்ந்தபின் பொங்கல் வைக்க வரும் பெண்களுக்கு வெளிச்சம் வேண்டும். வயதானவர்கள் வேரில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். பாம்பு பயம் இருக்கிறது. கும்பாபிஷேகத்துக்குப் பத்து ஊர் சனம் வரும்போது கோயில் பார்க்க லட்சணமாக இருக்கவேண்டும் என்ற ஆசையும் நியாயம்தான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. சுத்தம் என்று சொல்லிப் புதரை எடுத்துவிடாதீர்கள். அந்தப் புதர்தான் காடு. அதை வாரிவிட்டால் மிஞ்சுவது வயசான மரங்களும் அவற்றின் நிழலும். அந்த மரங்கள் ஒவ்வொன்றாகச் சாயும்போது அந்த இடத்துக்கு வர ஒரு கன்றும் இருக்காது.

இந்த ஒன்பது ஏக்கரில் என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். தினமும் பார்ப்பதால் நமக்கு அது சாதாரணமாகிவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழைதான் நம் பக்கத்துக்குப் பெரிய மழை. அதை விட்டால் வருஷத்தில் ஆறு மாசம் காய்ச்சல்தான். அப்படிப்பட்ட மண்ணிலும் சித்திரை வெயிலில் இலை கொட்டாமல் கரும்பச்சையாக நிற்கிறது இந்தக் காடு. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியல்காரர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வீரை, பாலை, காசான், கருங்காலி, காட்டு எலுமிச்சை. சோழமண்டலக் கரையோரம் ஒரு காலத்தில் விரிந்து கிடந்த காட்டில் இன்று துண்டு துண்டாகத்தான் மிச்சம், அந்தத் துண்டுகளிலும் பெரும்பாலானவை சாமி பெயரைச் சொல்லித் தப்பியவை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் காட்டைப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்து மரம் மரமாக எண்ணி ஆராய்கிறார்கள். நம்முடையது அதைவிடச் சின்னது என்றாலும் அதே சாதிக் காடுதான். இலங்கையில் வன்னிப் பக்கக் காட்டிலும் பாலையும் வீரையும்தான் பெரிய மரங்கள். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே குடும்பம் என்று நினைக்கும்போது எனக்கு என்னவோ செய்யும்.

பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்று பாடுகிறோமே, அந்தக் காயாதான் நாம் காசான் என்று சொல்கிற மரம். கோடையில் ஒரு மழை விழுந்துவிட்டால் குச்சியெல்லாம் நீலமாகப் பூத்துக் கிடக்கும். கோட்டுக்குள் அப்படி நாலு மரம் நிற்கிறது.

ஆரோவில் 1968-ல் தொடங்கியபோது அங்கே மழை அரித்த செம்மண் பொட்டல்தான் இருந்தது என்று நம் தாத்தாக்கள் சொல்வார்கள். பிற்பாடு அங்கே நம் மண்ணின் மரங்களை நட நினைத்தவர்கள், விதைக்கு வேறெங்கும் போக வழியில்லாமல் இப்படி எஞ்சி நின்ற கோயில் காடுகளைத் தேடித்தான் வந்தார்கள். காடு போன ஊர் காடு இருக்கிற ஊரிடம் விதை கேட்டு வரும். நாம் இன்னும் கொடுக்கிற இடத்தில் இருக்கிறோம்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசிக்கொள்வது தெரியும். "செடிக்குக் காவல் இருக்கிற கூட்டம்" என்கிறார்கள். 2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் அடித்துப்போட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுற்றிலும் இருந்த முந்திரித் தோப்புகள் படுத்துவிட்டன. கோயில் காட்டில் வீரைக்கும் பாலைக்கும் கிளைதான் முறிந்தது. ஓரத்தில் பிற்காலத்தில் நட்ட மரங்கள்தான் வேரோடு சாய்ந்தன. அந்தச் சேதத்தை ஒதுக்க 2012 பொங்கலுக்குப் பிறகு நாங்கள் ஆறேழு பேர் சேர்ந்தோம். கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர், நூறு நாள் வேலைக்குப் போகிற அக்காமார் மூன்று பேர், நான். ஆட்கள் மாறியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாறவில்லை.

அந்த முதல் வருஷம் நாங்கள் செய்த தப்பை இங்கே சொல்லியாக வேண்டும். இன்று நீங்கள் செய்ய நினைப்பதைத்தான் அன்று நாங்களும் செய்தோம். முறிந்த கிளையை ஒதுக்கியதோடு நிறுத்தியிருக்க வேண்டும். சூரைமுள், சங்கஞ்செடி, ஆதொண்டைக் கொடி எல்லாம் மரத்தைப் பிடித்து நெரிக்கிறது என்று நினைத்து, வடக்கு மூலையில் அரை ஏக்கரை அரிவாளால் வெட்டி வழித்தோம். தரை தெரிந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். ஆடு மேய்க்கிற பாட்டி ஒருத்தி மட்டும் நின்று பார்த்துவிட்டு, "முள்ளை வெட்டிட்டீங்களே, இனிமே என் ஆட்டை யாரு தடுப்பா?" என்றாள். அவள் கேட்டதன் அர்த்தம் அடுத்த சித்திரையில்தான் எங்களுக்கு உறைத்தது. முள்ளுக்கு அடியில் ஒளிந்திருந்த வீரைக் கன்றும் கருங்காலிக் கன்றும் பாதி ஆட்டுக்குப் போயிற்று, மீதி வெயிலுக்குப் போயிற்று. அந்த மூலை இன்றைக்கும் தேறவில்லை. முள் வேலியும் நிழலும் இல்லாமல் இந்தக் காட்டில் ஒரு கன்று தப்பாது என்பதை அரை ஏக்கர் கொடுத்துத்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம். அதே பாடத்துக்கு ஊர் மறுபடியும் விலை கொடுக்க வேண்டாம்.

அதற்குப் பிறகு எங்கள் வேலையைக் காடே முறை வைத்துத் தருகிறது. ஆடித் திருவிழா முடிந்த மறுநாள் பிளாஸ்டிக் டம்ளரும் பாக்குமட்டைத் தட்டும் பொறுக்குவோம். இந்த வருஷம் இருபது மூட்டைக்கு மேல். ஆவணியில் குளக்கரையில் விழுந்து கிடக்கிற பனம்பழத்தைச் சேர்த்து, புரட்டாசியில் கொட்டையைக் கரையோரம் புதைப்போம். புரட்டாசிக் கடைசியில் இரண்டு மழை இறங்கி, கடப்பாரை தானாக மண்ணுக்குள் போகிற பதம் வந்தபிறகுதான் குழி எடுப்போம். ஐப்பசி முழுக்க நடவு. கார்த்திகையில் எங்களுக்கு வேலையே இல்லை, மழை பார்த்துக்கொள்ளும். மார்கழியில் மண் ஈரமாக இருக்கும்போதே சீமைக்கருவேலத்தை வேர்க்கட்டையோடு தோண்டி எடுக்க வேண்டும். மேலே வெட்டினால் ஒன்று நாலாகத் துளிர்க்கும். தையிலிருந்து கன்றுக்குச் சுற்றிலும் இலைதழை, தேங்காய்மட்டை மூடாக்கு. மாசியில் அழிஞ்சில் ஓர் இலைகூட இல்லாமல் வெள்ளையாகப் பூத்து நிற்கும். அந்தப் பூ உதிர்ந்தால் குடம் தூக்க வேண்டும் என்று எங்களுக்குக் கணக்கு. பங்குனி, சித்திரை, வைகாசி தண்ணீர் ஊற்றுவதுதான். அந்த மூன்று மாசம் வருகிறவர்கள் எண்ணிக்கை பாதியாகக் குறையும். ஆனியில் பாலைப்பழம், ஆடியில் நாவல். தின்றது போக விதை சேர்ப்போம். நெல் மாதிரி மூட்டை கட்டி அடுத்த வருஷத்துக்கு வைக்க முடியாது. நாவல் விதையெல்லாம் காய்ந்தால் உயிர் போய்விடும். கழுவிய கையோடு பையில் போட வேண்டும்.

இதில் நடவு என்பது ஒரு மாசம். மற்றப் பதினொரு மாசமும் நட்டதையும் தானாக முளைத்ததையும் காப்பாற்றுகிற வேலை. இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், தை மாசம் ஆயிரம் கன்று நடப்போவதாகச் சொல்கிறீர்கள். மழை முடிந்து, பனியும் முடிகிற நேரம். அதிலிருந்து அடுத்த மழைக்கு எட்டு மாசம் போல இருக்கிறது. ஆயிரம் கன்றுக்கு வாரம் ஒரு குடம் என்றாலும் ஆயிரம் குடம். வைகாசியில் அந்தக் குடத்தை யார் தூக்குவது? சில வருஷத்துக்கு முன்னால் ஒரு நிறுவனத்தார் ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள் என்று பேனர் கட்டி, பேருந்தில் வந்து, முந்நூறு கன்று நட்டுவிட்டுப் போனார்கள். நம் கடலோரத்தில் அந்த நாள் அக்கினி நட்சத்திரம் முடிந்தும் அனல் அடங்காத நாள். நூறு நாள் வேலை அக்காமார் கூலி இல்லாத நேரத்திலும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். ஆடி பிறக்கும்போது பதினேழு கன்றில்தான் பச்சை இருந்தது. பேனர் மட்டும் அப்புறமும் ஒரு வருஷம் வேலியில் தொங்கியது. அந்தப் பிள்ளைகள் மனசாரத்தான் வந்தார்கள், வியர்வை வழிய வேலை செய்தார்கள். அவர்கள் பாடு வீணானதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஐப்பசியில் வரச்சொல்லி யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

இப்போது புதரைப் பற்றி. போன வருஷம் ஐப்பசி முதல் வாரம், காலை ஆறு மணி இருக்கும். சன்னதிக்குப் பின்னால், நீங்கள் கோடு போட்டிருக்கிற அதே இடத்தில், வெப்பாலை மரத்தடியில் குந்தியிருந்தேன். இலைச் சருகு சரசரவென்றது. ஓணான் என்று நினைத்தேன். ஆறுமணிக்குருவி. கைப்பிடி அளவுதான். முதுகு பச்சை, நெஞ்சு சந்தனம், கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டினமாதிரி கறுப்புக் கோடு, வாலடியில் குங்குமச் சிவப்பு. ஒவ்வொரு சருகாக அலகால் புரட்டித் தள்ளி, கீழே இருக்கிற புழுவைத் தேடிக்கொண்டிருந்தது. ஒரு சருகு அதன் உடம்பளவு இருந்தது. அதையும் இழுத்துப்போட்டது. பிறகு தலையைத் தூக்கி இரண்டு தடவை விசில் அடித்தது. வடக்கே இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு ராத்திரி ராத்திரியாகப் பறந்து நம் பக்கம் வருகிற பறவை அது. வந்து இறங்கும்போது களைத்து விழுந்து வீட்டு வாசலில் கிடப்பதும் உண்டு. சித்திரை வரைக்கும் அதன் சாப்பாடு இந்தச் சருகுக்கு அடியில்தான். நாம் குப்பை என்று கூட்டி நெருப்பு வைக்கிற சருகு. பேவர் பிளாக் போட்ட இடத்தில் அது இறங்கினால் என்ன தின்னும்?

அதே இடத்தில் நாற்பத்தோரு வீரைக் கன்று முளைத்திருக்கிறது. யாரும் நடவில்லை. குயிலோ கொண்டைக்குருவியோ மரநாயோ பழம் தின்று போட்ட விதை. உயரமானது என் முழங்கால் அளவு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் குச்சி ஊன்றி நீலக் கயிறு கட்டியிருக்கிறோம். சுண்ணாம்பு போட வந்தவர் அந்தக் கயிற்றைத் தாண்டித்தான் கோடு இழுத்திருக்கிறார். இந்த மரங்கள் எவ்வளவு மெதுவாக வளரும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2014 ஐப்பசியில் நாங்கள் நட்ட பாலை ஒன்று குளக்கரையில் இருக்கிறது. அந்த வருஷம் பிறந்த என் தங்கை மகன் இப்போது ஆறாவது படிக்கிறான். பாலை அவன் நெஞ்சைத்தான் எட்டுகிறது. ஜேசிபிக்கு நாற்பத்தோரு கன்றும் ஒரு வாரல்.

ஃபெஞ்சல் புயலையும் நினைத்துப் பாருங்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையேறி, அடுத்த நாள் முழுக்க நகராமல் நின்று கொட்டியது. தண்ணீர் வடிந்ததும் நாங்கள் காட்டைச் சுற்றி வந்தோம். கோயிலுக்கு முன்னால், திருவிழாக் கடைகளுக்காக மழித்து வைத்திருக்கிற திடலில், முழங்கால் ஆழத்துக்கு மண் அரித்து ஓடை விழுந்திருந்தது. அந்தச் செம்மண்ணெல்லாம் குளத்துக்குள். காட்டுக்குள் சருகு மிதந்து ஒதுங்கியிருந்ததே தவிர மண் அப்படியே இருந்தது. குளத்துக்குத் தண்ணீர் இந்தக் காட்டு வழியாகத்தான் இறங்குகிறது. பின்பக்கத்தையும் திடல் ஆக்கினால் நாலு மழையில் குளம் தூர்ந்துவிடும். பிறகு குளம் தூர்வார இன்னொரு திட்டம் போடுவோம்.

கும்பாபிஷேகம் வேண்டாம் என்று சொல்ல நான் யார். சிறப்பாக நடக்கட்டும், முதல் ஆளாக நிற்கிறேன். பாதை வேண்டும் என்றால் மேற்கே பழைய வண்டிப்பாதை இருக்கிறது. அங்கே ஒரு மரமும் வெட்ட வேண்டாம். சுற்றிப் போனால் அறுபது தப்படி கூடும், அவ்வளவுதான். நடந்து பார்த்துத்தான் சொல்கிறேன். அதிலும் சிமென்ட் கல் வேண்டாம், மண்ணைக் கொட்டி மட்டப்படுத்தினால் போதும். கிழவிகள் தடுக்காமல் நடக்கலாம், மழையும் உள்ளே இறங்கும். விளக்கு சன்னதிக்கு முன்னால் தாழ்வாக இருக்கட்டும், பூஜை முடிந்ததும் அணைத்துவிடலாம். மரநாயும் பழந்தின்னி வௌவாலும் ராத்திரியில்தான் விதை சுமக்கின்றன. அய்யனாரும் ராத்திரியில் குதிரை ஏறி ஊர் சுற்றுகிற சாமி. அவருக்கு இருட்டு பழக்கம்தான்.

ஜேசிபி ஏற்கெனவே பேசியாகிவிட்டது என்றால் வடக்கு எல்லைக்கு அனுப்புங்கள். அங்கே ஒன்றரை ஏக்கர் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கைக் கடப்பாரையால் எங்களுக்கு வருஷத்துக்குப் பத்து சென்ட்தான் முடிகிறது. மார்கழியில் இரண்டு நாள் வண்டி கொடுத்தால் உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடுவோம். கன்று கொடுக்கிற நிறுவனத்தாரிடம் நான் பேசுகிறேன். ஆயிரம் பூமரத்துக்குப் பதில், எங்கள் நாற்றங்காலில் இருக்கிற இருநூற்றுச் சொச்சம் காட்டுக் கன்றுகளை இந்த ஐப்பசியில் அந்த வடக்கு எல்லையில் நடட்டும். மிச்சப் பணத்தில் சித்திரை, வைகாசித் தண்ணீருக்கு ஆள்கூலி கொடுக்கட்டும். பெயர்ப் பலகை வேண்டுமென்றால் அதற்கும் இடம் இருக்கிறது.

ஊராட்சித் தலைவருக்குத் தனியாக ஒன்று. 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். நம் ஊரில் அது தாளில் இருக்கிறதா, ஆட்கள் யார் என்று தயவுசெய்து அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள். அதே சட்டத்தின் கீழ்தான் 2022-ல் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2025-ல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோயில் காட்டுக்கும் அந்தத் தகுதி கிடைத்தது. அது ஐந்து ஹெக்டேர்கூட முழுசாக இல்லாத கோயில் காடு, 4.97 ஹெக்டேர். நம்முடையதும் ஏறக்குறைய அந்த மாதிரிச் சின்னக் காடுதான். கேட்டுப் பார்ப்பதில் நமக்கு நஷ்டம் இல்லை. மரம், செடி, பறவைப் பட்டியல் எங்களிடம் பதின்மூன்று வருஷத்து நோட்டுப் புத்தகமாக இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் தருகிறேன்.

திருப்பணிக் குழுப் பெரியவர்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லவில்லை. இந்தக் காட்டில் சுள்ளி ஒடிக்கக் கூடாது, செருப்புக் காலோடு நுழையக் கூடாது, உதிர்ந்த விறகைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். சின்ன வயசில் ஒரு களாக்காய்ப் புதரை ஒடித்ததற்கு, உங்களில் ஒருவர் என் காதைத் திருகி மண் குதிரைக்கு முன்னால் தோப்புக்கரணம் போட வைத்தார். அந்தக் களாப் புதர் இப்போது இரண்டு ஆள் அகலத்துக்குப் பரந்து, கிழக்குக் கோட்டுக்கு உள்ளே நிற்கிறது.

புரட்டாசி முதல் ஞாயிறு, செப்டம்பர் 21, காலை ஆறு மணிக்கு நாங்கள் சன்னதிக்குப் பின்னால் இருப்போம். ஜேசிபி வருவதற்கு முன்னால் குழுவிலிருந்து இரண்டு பேராவது வாருங்கள். சுண்ணாம்புப் பையை நானே வாங்கி வைத்திருக்கிறேன். வண்டிப்பாதையில் நீங்கள் நடந்து காட்டுங்கள், உங்கள் காலடிக்குப் பின்னாலேயே நாங்கள் கோடு போட்டுக்கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பெண்,
ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தார் அனைவருக்காகவும்